டிராகுலா பகலில் வெளியே வரலாமா? வாம்பயர் விதிகள் எங்கிருந்து வந்தன

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை இப்போதுதான் முதல் முறையாகப் படித்து முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பட்டப்பகலில் அவன் லண்டன் தெருவில் நிற்கிறான், கடைசியில் வெயில் பட்டு எரியவும் இல்லை, நெஞ்சில் மர ஆப்பு இறங்கவும் இல்லை, கத்தியால் முடித்துவிடுகிறார்கள், பாதிக் கதைக்கு மேல் ஆளையே காணோம் என்கிறீர்கள். அப்படியானால் சினிமாவில் பார்த்த விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தன, விளாட் என்ற ராஜாதானே அசல் டிராகுலா என்றும் கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது விதிகளைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் தேடுவது ஓர் அசலை. இந்த உருவத்துக்கு மூலம் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கல்லூரியில் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களை இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தியவன். இந்தக் கதைகளைத் திரும்பத் திரும்ப வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறேன், அதனால் கதைகளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். கிழக்கு ஐரோப்பியக் கிராம நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்வது அப்படி அல்ல. எனக்கு செர்பிய மொழியோ ருமேனிய மொழியோ தெரியாது, அந்தப் பகுதி முழுக்க ஆங்கிலத்தின் வழியாக வந்து சேர்ந்த அறிவு. இன்னொன்று, தமிழில் வாம்பயர் என்ற சொல்லை 'ரத்தக்காட்டேரி' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். காட்டேரியைத் தெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அந்த நம்பிக்கையின் கதை வேறு, வேர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இங்கே வாம்பயர் என்றே எழுதுகிறேன்.

முதலில் பகல் விஷயம். நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். செப்டம்பர் 22 தேதியிட்ட நாயகி மினாவின் குறிப்பில், லண்டன் பிக்கடிலியில் நடந்து போகும்போது அவளுடைய கணவன் ஜோனதன் ஹார்க்கர் அவள் கையை இறுக்கிப் பிடிக்கிறான். கழுகு மூக்கும் கறுப்பு மீசையும் கூர்தாடியும் வைத்த உயரமான ஆள் ஒருவன், வண்டியில் உட்கார்ந்திருக்கும் அழகான பெண்ணை வெறித்துப் பார்த்தபடி நிற்கிறான். டிராகுலாவின் கோட்டையில் தான் முன்பு பார்த்த கிழவன் இளமையாகிவிட்டான் என்று ஹார்க்கருக்கு அங்கேதான் உறைக்கிறது. அக்டோபர் 3 அன்று, இருட்டுவதற்கு முன்பே, அவனை அவன் வீட்டுக்குள்ளேயே மடக்குகிறார்கள். ஹார்க்கர் குக்ரி கத்தியை வீசுகிறான், கோட்டு கிழிந்து நோட்டுக்கட்டும் தங்கக் காசுகளும் கொட்டுகின்றன, அவன் ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்துவிடுகிறான். பகலில் அவனுடைய சக்தி குறையும் என்பதுதான் அவனை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் சொல்லும் விதி. தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதபோது உச்சி வேளையிலோ சரியாக உதய, அஸ்தமன நேரத்திலோ மட்டுமே உருமாற முடியும். வெயில் அவனைக் கொல்லாது. அவனுக்கு முன்னால் லெ ஃபானு எழுதிய வாம்பயர் பெண் கார்மில்லாவும் மதியம் ஒரு மணி வாக்கில் எழுந்து வந்து, தோட்டத்தில் நடக்கப் போவாள்.

வெயில் கொல்லும் என்ற விதி 1922-இல் வெளியான ஜெர்மன் மௌனப் படம் 'நாஸ்ஃபெராட்டு' மூலம் வந்தது. முர்னாவ் இயக்கிய அந்தப் படம் ஸ்டோக்கரின் கதையை உரிமை வாங்காமல் எடுத்துக்கொண்டது. டிராகுலா அதில் ஓர்லோக் பிரபு ஆனான், லண்டன் ஒரு ஜெர்மன் துறைமுக ஊர் ஆனது. கடைசியில் ஒரு பெண் தன்னையே கொடுத்து அவனைச் சேவல் கூவும் வரை பிடித்து வைக்கிறாள், விடியல் வெளிச்சத்தில் அவன் புகையாகக் கரைகிறான். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார், 1925-இல் படப்பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பானது. சில பிரதிகள் தப்பிவிட்டன. இன்று உலகம் முழுக்கக் குழந்தைகூடச் சொல்லும் விதி, நீதிமன்றம் அழிக்கச் சொன்ன ஒரு படத்திலிருந்து பிழைத்து வந்தது என்பதை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. காட்சிக் கலைக்கு அது தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கழுத்தை அறுக்கும் முடிவைவிட, திரையில் ஒளி பட்டு ஓர் உருவம் மறைவது மௌனப் படத்துக்கு எவ்வளவோ பொருத்தம்.

சரி, அசல் எது? பின்னால் போனால் இரண்டு முன்னோர்கள் கிடைக்கிறார்கள். இருவருக்கும் முகஜாடையே கிடையாது.

ஒருவன் கிராமத்துப் பிணம். 1718-இல் ஒரு ஒப்பந்தத்தின்படி செர்பியாவின் வட பகுதி ஒட்டோமான்களிடமிருந்து ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. ஆஸ்திரிய அதிகாரிகள் போனார்கள், பார்த்ததை அறிக்கையாக எழுதினார்கள். வாம்பயர் என்ற சொல் மேற்கு ஐரோப்பாவுக்குப் பரவ அந்த அறிக்கைகள்தான் காரணம். 1725-இல் கிசில்யேவோ என்ற ஊரில் பேட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் செத்துப்போனார். அடுத்து எட்டு நாளில் ஒன்பது பேர் இறந்தார்கள். தூக்கத்தில் அவர் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று சாகும் முன் அவர்கள் சொன்னதாக அறிக்கை சொல்கிறது. ஊர்க்காரர்கள் குழியைத் தோண்டினார்கள். தோல் புதிதாக இருந்தது, வாயில் ரத்தம் இருந்தது. ஆப்பு அடித்து எரித்தார்கள். சில வருடங்கள் கழித்து மெட்வெஜா என்ற ஊரில் இதேபோல நடந்தபோது ஃப்ளூக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர் பல குழிகளைத் திறந்து பார்த்து 1732 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். அது பத்திரிகைகளில் பரவி அதே வருடம் லண்டன் பத்திரிகைக்கும் வந்துவிட்டது. கடைசியில் 1755-இல் அரசி மரியா தெரேசா, தன் மருத்துவர் ஜெரார்ட் வான் ஸ்வீட்டன் சொன்ன ஆலோசனைப்படி, பிணங்களைத் தோண்டி எரிப்பதற்குத் தடை போட்டார்.

குழிகளைத் திறந்து பார்த்த ஃப்ளூக்கிங்கர் பொய் எழுதவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மண்ணுக்கடியில், அதுவும் குளிர்காலத்தில், உடல் நாம் நினைப்பதைவிட மெதுவாகத்தான் அழுகும். உள்ளே வாயு சேர்ந்து வயிறு உப்பும், நுரையீரலிலிருந்து சிவந்த திரவம் வாய் வழியாக வெளியேறும், மேல்தோல் உரிந்து கீழே புதுத்தோல் போல ஒன்று தெரியும், ஆப்பு இறங்கினால் அடைபட்ட காற்று வெளியேறி முனகல் போலச் சத்தம் வரும். அவர்கள் கண்டது உண்மை, கொண்ட பொருள்தான் தவறு. ஒரே வாரத்தில் ஒன்பது உயிர் போகிற ஊரில் தொற்றுநோய் என்ற சொல் இல்லாதபோது, முதலில் செத்தவரைச் சந்தேகிப்பதைத் தவிர அந்த மக்களுக்கு வேறு வழி என்ன இருந்தது?

இந்தக் கிராமத்து வாம்பயரின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். உப்பிய உடம்பு, சிவந்த முகம், சாதாரண விவசாயி. சொந்த ஊரைத் தாண்டிப் போவதில்லை. மனைவியையும் பக்கத்து வீட்டுக்காரரையும்தான் தேடி வருகிறான். அவனுக்குக் கோட்டை கிடையாது, பட்டம் கிடையாது, யாரையும் மயக்கும் பேச்சும் கிடையாது. நம் மனதில் இருக்கும் படத்துக்கு அவன் கொடுத்தது குழி, ரத்தம், ஆப்பு, பூண்டு. மற்றதெல்லாம் இன்னொரு முன்னோரிடமிருந்து வந்தவை.

அந்த இன்னொருவனுடைய பிறந்த தேதியை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, மழையும் குளிரும்தான். 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா தியோதாத்தி என்ற வீட்டுக்குள் கவிஞர் பைரன், ஷெல்லி, மேரி, அவளுடைய மாற்றாந்தாயின் மகள் கிளேர், பைரனின் மருத்துவர் ஜான் பாலிடோரி எல்லாரும் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பைரன் சொன்னதும் மேரி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கியதும் பலருக்குத் தெரியும். அந்த நாட்களில் ஓர் இரவு பைரன் கோல்ரிட்ஜின் 'கிறிஸ்டபெல்' கவிதையை வாய்விட்டுச் சொன்னபோது ஷெல்லி அலறிக்கொண்டு மெழுகுவத்தியோடு வெளியே ஓடியதை பாலிடோரி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கவிதையில் காட்டில் தனியாக நிற்கும் அழகி ஒருத்தியை கிறிஸ்டபெல் வீட்டுக்கு அழைத்து வருகிறாள். வாசற்படியில் அந்தப் பெண் துவண்டு விழ, கிறிஸ்டபெல்லே அவளைத் தூக்கிப் படியைத் தாண்டி உள்ளே கொண்டு வருகிறாள். அவள் யார், என்ன என்பதை கோல்ரிட்ஜ் சொல்லி முடிக்கவில்லை, கவிதையே பாதியில் நிற்கிறது. வாம்பயர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தானாகப் படி தாண்ட முடியாத ஒன்றை வீட்டுப் பெண்ணே தூக்கி உள்ளே விடும் அந்தக் காட்சியை மறந்துவிடாதீர்கள்.

பைரன் சில பக்கங்கள் எழுதிவிட்டு விட்டுவிட்டார். பாலிடோரி அந்தக் கருவை எடுத்துத் தன் போக்கில் எழுதினார். அப்போது அவருக்கு இருபது வயது. எடின்பரோவில் தூக்கத்தில் நடக்கும் நோயைப் பற்றி ஆய்வு எழுதி மருத்துவப் பட்டம் பெற்று ஒரு வருடம்கூட முடியவில்லை. அவர் கதை 1819 ஏப்ரலில் லண்டன் பத்திரிகை ஒன்றில், அவருடைய அனுமதி இல்லாமல், பைரன் எழுதியது என்ற பெயரில் வந்தது. பைரன் மறுத்தார், பாலிடோரி உரிமை கோரினார், ஆனால் பெயர் அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை. 1821-இல், 25 வயதில் இறந்துபோனார். இந்த மனிதருக்கு நடந்ததை வகுப்பில் சொல்லாமல் நான் ஒருபோதும் கடந்ததில்லை, ஏனென்றால் நாம் இன்று வாம்பயர் என்று நினைக்கும் உருவம் அவர் உண்டாக்கியது.

அவருடைய ருத்வென் பிரபு கிராமத்தில் இல்லை. லண்டன் விருந்துகளில் இருக்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை, கண் சாம்பல் நிறம், எல்லார் வீட்டிலும் அவனுக்கு அழைப்பு. ஆப்ரே என்ற இளைஞன் அவனோடு ஊர் சுற்றப் போகிறான். கிரேக்கத்தில் ஆப்ரே நேசித்த பெண் சாகிறாள். பிறகு ருத்வெனும் சாகிறான், சாகும் முன் ஒரு வருடமும் ஒரு நாளும் தன்னைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று ஆப்ரேயிடம் சத்தியம் வாங்குகிறான். நிலவொளி பட்டு எழுந்து லண்டனுக்கு வந்து, ஆப்ரேயின் தங்கையையே கல்யாணம் செய்துகொள்கிறான். அண்ணனுக்கு எல்லாம் தெரியும், சத்தியம் கட்டிப்போட்டிருக்கிறது. தங்கை சாகிறாள், ருத்வென் தப்பிவிடுகிறான். ஆப்பும் கிடையாது, பூண்டும் கிடையாது, தண்டனையும் கிடையாது. அவனுடைய ஆயுதம் நாகரிகம்தான். கௌரவமான மனிதர்கள் கொடுத்த வாக்கை மீற மாட்டார்கள் என்பதை நம்பித்தான் அவன் பிழைக்கிறான்.

செத்த விவசாயிக்கும் ருத்வெனுக்கும் நடுவில் நடந்த மாற்றம் இதுதான்: குழியிலிருந்து வந்தவன் விருந்தாளியாகிவிட்டான். அசல் என்று நீங்கள் கேட்டதற்கு என்னால் கொடுக்க முடிகிற பதிலும் அதுவே. கதைகளில் வரும் வாம்பயருக்குப் பல்லும் சவப்பெட்டியும் பிறகு வந்து சேர்ந்தவை. அழைத்து உள்ளே விட்ட ஆள் என்பதுதான் அவனுடைய உயிர்நிலை.

1820-லேயே பாலிடோரியின் கதை பாரிஸிலும் லண்டனிலும் நாடகமானது. லண்டனில் லைசியம் அரங்கில் நடந்த நாடகத்துக்காக, நடிகர் சட்டென்று மறைவதற்கு மேடையில் ஒரு விசேஷக் கதவு செய்தார்கள், நாடகக்காரர்கள் அதை இன்றும் 'வாம்பயர் கதவு' என்றே சொல்கிறார்கள். (பிற்காலத்தில் ஸ்டோக்கர் வேலை பார்த்ததும் லைசியத்தில்தான், தீப்பிடித்துப் புதிதாகக் கட்டப்பட்ட பிறகு.) 1845 முதல் 1847 வரை மலிவுப் பதிப்பாக வாராவாரம் வந்த 'வார்னி' என்ற மாபெரும் தொடர்கதை கோரைப்பல்லையும் கழுத்தில் இரண்டு பல்தடத்தையும் பரப்பியது. அதை எழுதியவர் ஜேம்ஸ் மால்கம் ரைமர் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள், வேறொருவர் பெயரும் அடிபடுகிறது. இலக்கியமாக அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் தன் நிலையை வெறுத்துக் கடைசியில் வெசூவியஸ் எரிமலையில் குதித்துச் சாகும் வாம்பயர் அதில்தான் வருகிறான். பிறகு வந்த சோகமான வாம்பயர்கள் எல்லாருக்கும் அவன் மூத்தவன்.

விருந்தாளி என்ற கருவை முழுமையாக எழுதியவர் டப்ளின்காரர் ஷெரிடன் லெ ஃபானு. அவருடைய 'கார்மில்லா' 1871-72-இல் பத்திரிகையில் வந்தது, 1872-இல் நூலில் சேர்ந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில் ஒரு தனித்த மாளிகை. தாயில்லாத பெண் லாராவும் அவளுடைய ஆங்கிலேயத் தந்தையும் இருக்கிறார்கள். தன் வயதுத் தோழி ஒருத்தி வரப்போகிறாள் என்று லாரா காத்திருக்கிறாள், அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்று கடிதம் வருகிறது. அதே மாலை வாசலில் ஒரு வண்டி கவிழ்கிறது. வண்டியில் வந்த சீமாட்டி அவசரமாகப் போக வேண்டும், மயங்கிக் கிடக்கும் மகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா? மூன்று மாதம் எங்களோடு இருக்கட்டும் என்று தந்தை தாமாகவே சொல்கிறார், லாராவும் கெஞ்சுகிறாள். தமிழில் விருந்து என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை, புதிதாக வருபவர்தான் விருந்து. அந்தப் புதியவளுக்கான ஏக்கம் லாராவிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை லெ ஃபானு முதலில் காட்டிவிட்டுத்தான் வண்டியைக் கவிழ்க்கிறார். வீட்டுக்குப் பழைய ஓவியங்கள் சுத்தம் செய்யப்பட்டு வருகின்றன, அதில் 1698 தேதியிட்ட மிர்கல்லா கார்ன்ஸ்டைன் என்ற பிரபு குலப் பெண்ணின் படம் அச்சு அசலாக கார்மில்லா மாதிரியே இருக்கிறது. யாரும் பயப்படவில்லை, அழகாக இருக்கிறதே என்று லாரா அதைத் தன் அறையில் மாட்டிக்கொள்கிறாள். மிர்கல்லா, மில்லார்கா, கார்மில்லா என்று எழுத்துகளை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் அவளால் பெயர் வைத்துக்கொள்ள முடியும். முடிவில் கல்லறையைத் திறந்தால், ஈயப் பெட்டியில் ஏழு அங்குல ரத்தத்தில் அவள் கிடக்கிறாள். ஆப்பு, தலை வெட்டு, எரிப்பு எல்லாம் நடக்கின்றன. அதாவது சடங்கு கிராமத்துப் பிணத்தினுடையது, உடம்பு விருந்தாளியினுடையது. இரண்டு முன்னோர்களும் இங்கே ஒன்றாகிறார்கள்.

இதைப் படித்த இன்னொரு டப்ளின்காரர்தான் ஸ்டோக்கர். படித்தார் என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், 1890-இல் அவர் எழுதத் தொடங்கிய நாவல் குறிப்புகள் பிலடெல்பியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதில் கதை முதலில் நடப்பது ஸ்டைரியாவில். வில்லனின் பெயர் வாம்பயர் பிரபு, டிராகுலா இல்லை. அவர் இறந்த பிறகு 1914-இல் மனைவி வெளியிட்ட 'டிராகுலாவின் விருந்தாளி' என்ற சிறுகதையிலும் ஸ்டைரியாவைச் சேர்ந்த பிரபு குலப் பெண் ஒருத்தியின் கல்லறை வருகிறது. அது நாவலிலிருந்து நீக்கிய அத்தியாயம் என்று ஃப்ளோரன்ஸ் எழுதினார். ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை, நடையே வேறாக இருக்கிறது என்பது என் எண்ணமும்.

இப்போது விளாட், இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியான வல்லாக்கியாவை 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ராஜா. 1890 கோடையில் விட்பி என்ற கடற்கரை ஊருக்கு ஸ்டோக்கர் விடுமுறைக்குப் போனார். கப்பல் தரைதட்டும் காட்சி, கல்லறைத் தோட்டம், 199 படி எல்லாம் அங்கே கிடைத்தவை. 1885-இல் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் அங்கே கரையில் மோதியிருந்தது, நாவலில் அது டிமீட்டர் ஆனது. அந்த ஊர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் வல்லாக்கியா, மால்டேவியா நாடுகளைப் பற்றி 1820-இல் எழுதிய புத்தகத்தை எடுத்தார். துருக்கியரோடு போரிட்ட டிராகுலா என்ற தலைவனைப் பற்றிச் சில வரிகளும், வல்லாக்கிய மொழியில் டிராகுலா என்றால் சாத்தான் என்ற அடிக்குறிப்பும் அதில் இருந்தன. அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இவ்வளவு உறுதி. விளாட் என்ற பெயரோ, ஆட்களைக் கழுவேற்றிய கொடுமையோ குறிப்புகளிலும் இல்லை, நாவலிலும் இல்லை. விளாட் வல்லாக்கியாவை ஆண்டவர், நாவலின் பிரபு தன்னை டிரான்சில்வேனியாவின் செக்கெலி இனத்தவன் என்கிறான். துருக்கியரை வென்ற அந்தப் பழைய டிராகுலாவாக இவன் இருக்கலாம் என்று வான் ஹெல்சிங் ஓரிடத்தில் சொல்வதால் ஒரு மெல்லிய நூல் இருக்கத்தான் செய்கிறது. அதைக் கயிறாகத் திரித்தது 1972-இல் இரண்டு வரலாற்றாசிரியர்கள் எழுதிய பிரபலமான புத்தகம். பெயரை எடுத்தார், வாழ்க்கையை எடுக்கவில்லை என்பதுதான் என் முடிவு. டிரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் போனதே இல்லை. அங்குள்ள நம்பிக்கைகளை எமிலி ஜெரார்ட் 1885-இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தார், நாஸ்ஃபெராட்டு என்ற சொல்லும் அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

டிராகுலா நடிகர் ஹென்றி இர்விங்கின் சாயல் என்பார்கள். ஸ்டோக்கர் அவரிடம் மேலாளராக இருந்தவர், அவரை வழிபட்டவர், அதனால் நடக்கக்கூடியது, ஆனால் சான்று மெலிதானது. நமக்கு நெருக்கமான இன்னொரு ஊகமும் உண்டு. விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் ஆங்கிலத்தில் தந்தபோது தலைப்பில் வேதாளத்தை வாம்பயர் என்றே போட்டார். ஸ்டோக்கர் அவரை நேரில் சந்தித்திருக்கிறார், பேசும்போது அவருடைய உதடு உயர்ந்து கோரைப்பல் கத்தி போல மின்னியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். படிக்கச் சுவையான செய்தி. அதை வைத்து வேதாளம்தான் டிராகுலா ஆனது என்று கிளம்பினால் தவறு. மரத்தில் தொங்கிக் கதை சொல்லிப் புதிர் போடும் நம் வேதாளம் ரத்தம் குடிக்க வருவதில்லை.

ஸ்டோக்கர் தாமே சேர்த்தவை என்ன என்று பாருங்கள். கண்ணாடியில் பிம்பம் தெரியாதது அவருக்கு முந்தைய கதைகளில் இல்லை, அவருடைய குறிப்பேட்டில்தான் முதலில் காணக் கிடைக்கிறது. அவனைப் படம் வரைந்தால் வேறு யாரோ மாதிரி வரும், கேமராவில் எடுத்தால் எலும்புக்கூடாக வரும் என்றுகூட எழுதி வைத்து, பிறகு பயன்படுத்தாமல் விட்டார். பிம்பம் ஏன் இல்லை என்று நாவல் காரணமே சொல்வதில்லை, ஆன்மா இல்லாததால் என்பதெல்லாம் பின்னால் வந்த விளக்கம். அப்புறம், வீட்டார் ஒருவர் அழைத்தால் ஒழிய முதல் முறை உள்ளே வர முடியாது என்ற விதி. கிறிஸ்டபெல் தூக்கி வந்ததும், லாராவின் தந்தை வரவேற்றதும் இங்கே சட்டமாகிவிட்டன. கோட்டையில் டிராகுலா ஹார்க்கரை வரவேற்கும் விதத்தைத் திரும்பப் படியுங்கள். சொந்த விருப்பத்தோடு உள்ளே வாருங்கள் என்கிறான், சாப்பாடு பரிமாறுகிறான். வேலைக்காரர்களே இல்லை, படுக்கையை விரிப்பதும் மேசையை ஒழுங்குபடுத்துவதும் அவனேதான் என்று ஹார்க்கர் கதவிடுக்கில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடம் எனக்கு நாவலிலேயே மிகவும் அச்சமூட்டும் இடங்களில் ஒன்று. மினாவின் தோழி லூசியின் அறையில் வான் ஹெல்சிங் பூண்டுப் பூ மாலை போட்டு ஜன்னலை அடைத்துவிட்டுப் போகிறார். காற்றில்லாமல் பிள்ளை கஷ்டப்படுவாளே என்று அம்மாதான் பூவை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுகிறாள். ஒவ்வொரு முறையும் கதவைத் திறப்பது வீட்டாரின் அன்பு.

பாதிக் கதையில் ஆளைக் காணோம் என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். கோட்டை அத்தியாயங்களுக்குப் பிறகு அவன் பேசுவது மிகக் குறைவு, உண்மைதான். நாவல் முழுக்க மற்றவர்களின் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, கப்பல் பதிவேடு, பத்திரிகைத் துண்டு, ஃபோனோகிராஃப் உருளையில் பதிந்த பேச்சு. எல்லாவற்றையும் மினா தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். அவனுக்கு மட்டும் ஒரு பக்கம்கூட இல்லை. கண்ணாடியில் தெரியாதவன் காகிதத்திலும் தெரிவதில்லை. கையெழுத்துப் பிரதிகளையும் உருளைகளையும் அவன் எரித்தும் விடுகிறான், தட்டச்சுப் பிரதி ஒன்று பெட்டகத்தில் இருந்ததால்தான் கதை பிழைக்கிறது. ஏழு வருடம் கழித்து ஹார்க்கர் எழுதும் கடைசிக் குறிப்பில், இத்தனை காகிதங்களில் அசல் ஆவணம் என்று ஏறக்குறைய ஒன்றுகூடத் தேறவில்லை, கடைசிக் குறிப்பேடுகள் சிலவற்றைத் தவிர எல்லாம் தட்டச்சுதான் என்கிறான். நீங்கள் கேட்ட அதே கேள்வியை நாவலும் கேட்டுக்கொண்டுதான் முடிகிறது.

உயர்த்திய காலரும் மேலங்கியும் எங்கே என்றால், அவை 1924-இல் ஹாமில்டன் டீன் போட்ட நாடகத்திலிருந்து வந்தவை. மேடையில் அவன் வரவேற்பறையில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்ததால் மாலை உடை தேவைப்பட்டது. நாவலில் வரும் உள்ளங்கை மயிரும் நாற்றமடிக்கும் மூச்சும் மறைந்து, 1931 படத்தில் பெலா லுகோசி நடித்த கனவான் நிலைத்துவிட்டான். அந்தப் படத்தில் லுகோசி ஒரு முறைகூடக் கோரைப்பல்லைக் காட்டுவதில்லை.

அடுத்து என்ன படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாலிடோரியை ஒரே மூச்சில் முடித்துவிடலாம், அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து கார்மில்லா. அதை நிதானமாகப் படியுங்கள், முக்கியமாகக் கடைசிப் பத்தியை. எல்லாம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன, சாம்பல் ஆற்றில் போய்விட்டது. லாராவுக்கு மட்டும் சில நேரம் வரவேற்பறைக் கதவருகே கார்மில்லாவின் மெல்லிய காலடி கேட்பது போலத் தோன்றுகிறது. அதைப் பயந்துபோய் எழுதுகிறாளா, எதிர்பார்த்து எழுதுகிறாளா என்று இத்தனை வருடத்தில் என் வகுப்புகள் ஒருமுறைகூட ஒரே முடிவுக்கு வந்ததில்லை.